மத்திக் கருவாடு

நெத்திலியைக் கருவாடாக்குவது சுலபம். நல்ல வெயில் இருந்தால் தானே காய்ந்துவிடும். மத்தி அப்படியல்ல. உடம்பெல்லாம் எண்ணெய். உப்பு குறைந்தால் வயிறு வெடிக்கும், வெயில் கூடினால் எண்ணெய் கசிந்து மஞ்சள் பூத்துச் சிக்கு வாடை வந்துவிடும். சென்னை லூப் ரோட்டில் 2024இல் திறந்த மீன் அங்காடியில் கூட்டமெல்லாம் பச்சை மீனுக்குத்தான். நொச்சிக்குப்பத்து அம்மா ஒருவரோ இந்த முரட்டு மீனோடுதான் மல்லுக்கட்டுகிறார். குடலை ஒரே இழுப்பில் எடுக்கிறார். கல்லுப்பை வயிற்றிலும் செவுளிலும் திணித்து, பானையில் தலைவால் மாற்றி அடுக்குகிறார். மறுநாள் உப்புத்தண்ணீரை வடித்து, அலசி, பழைய வலைமேல் பரப்புகிறார்; மணலில் போட்டால் பல்லில் நறநறக்குமாம். உச்சிவெயிலில் மேலே வேட்டி விரித்து நிழல் கட்டுகிறார், கடல்காற்று எழும்பியதும் அதை எடுத்துவிடுகிறார். வெயிலைவிடக் காற்றை நம்பும் அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க, முதுகுப் பக்கம் கட்டைவிரலால் அழுத்துகிறார். குழி விழுந்தால், "இன்னும் ஈரம் போவல கண்ணு" என்று திருப்பிப் போடுகிறார். பதம் வந்த மத்தியை ஒன்றோடொன்று தட்டினால் மரத்துண்டு போல டொக்கென்கிறது. தோலில் வெள்ளி மினுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட குழம்பில் அது கரையாமல் நிற்கும். உப்பு முந்திக்கொள்ளாது, மீனின் கொழுப்புச் சுவை நாக்கில் தங்கும். மழைக்காலத்தில் போய்க் கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுவார். அரைகுறையாகக் காய்ந்ததை அவர் விற்பதில்லை.