அழைப்பிதழில் இல்லாத பெயர்

நூல்களைத் திறனாய்வு செய்வோர் உண்டு. நாடகத்தையும் திரைப்படத்தையும் திறனாய்வு செய்வோர் உண்டு. நூலக விழாவிற்கென அச்சிடப்படும் அழைப்பிதழை எவரேனும் திறனாய்வு செய்ததுண்டோ, நான் அறியேன். ஆயினும் அதுவும் ஓர் எழுத்துப் படைப்பே. அதற்கென ஓர் இலக்கணம் உண்டு, மரபு உண்டு, சொல்லாமல் சொல்லும் குறிப்புப் பொருளும் உண்டு.

என் மேசைமேல் அத்தகைய அழைப்பிதழ்கள் ஏழெட்டு கிடக்கின்றன. யாவும் சிற்றூர்க் கிளை நூலகங்களில் வாசகர் வட்டத்தார் எழுத்தாளரை வரவழைத்து நடத்திய கூட்டங்களுக்கு உரியவை. தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, பரிசளிப்பு, நன்றியுரை எனச் சென்று நாட்டுப்பண்ணில் நிறைவுறுகின்றன. வாழ்த்துரை வழங்குவோர் மட்டும் ஒன்றில் ஒன்பதின்மர். எழுத்தாளரின் பெயர் நடுவில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அவர் எழுதிய நூலின் பெயரோ மூன்று அழைப்பிதழ்களில்தான் காணப்படுகிறது. வாசகரின் கேள்விக்கென ஒரு வரி, ஒன்றிலும் இல்லை. வாசகர் வட்டம் நடத்தும் விழாவில் வாசகருக்கு இடம் இல்லை என்பதே இப்படைப்பின் குறிப்புப் பொருள்.

பிறர்மீது குற்றம் சுமத்துவதற்காக இதை எழுதவில்லை. அந்த ஏழெட்டு அழைப்பிதழ்களுள் ஒன்றில் 'தலைமை' என்னும் சொல்லுக்கு எதிரே இருப்பது என் பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜவ்வாது மலைச்சாரலை அடுத்த ஓர் ஊரின் நூலகத்தில் அக்கூட்டம் நடந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம். நாவலாசிரியர் ஒருவர் தொலைவிலிருந்து வந்திருந்தார். அவருடைய நூலை நான் வாசித்திருக்கவில்லை. பின்னட்டையில் இருந்த நான்கு வரிகளைக் கொண்டு இருபது நிமிடம் புகழ்ந்து பேசினேன். மறையுரை ஆற்றிப் பழகிய நாவிற்கு அது அரிய செயல் அன்று. வாழ்த்துரைகள் முடிந்து, பொன்னாடைகள் போர்த்தி முடிந்து, எழுத்தாளர் எழுந்தபோது இரவு எட்டு மணியை நெருங்கிவிட்டது. அவர் நல்ல மனிதர். தம் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஊரைவிட்டு வேலை தேடிப் போன ஒரு பெண்ணின் கதை. பாதி சொல்லும்போதே பேருந்திற்கு நேரமாயிற்று என்று ஒருவர் சீட்டு நீட்டினார். கதை நின்றது. நன்றியுரை தொடங்கியது.

இருக்கைகளை நிரப்புவதற்காக அருகிலிருந்த விடுதியின் மாணவியரைச் சீருடையில் அழைத்து வந்திருந்தனர். படியிறங்கும்போது அவர்களுள் ஒருத்தி என்னை நெருங்கினாள். மலையூர்ப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. "சாமி, அந்தக் கதையில அந்த அக்கா கடைசியில ஊருக்குத் திரும்பி வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். நான் தலைவர், நூலைப் புகழ்ந்தவன். எனக்குத் தெரியவில்லை. எழுத்தாளர் வண்டியேறிவிட்டார். நூலகத்தில் அந்நூலின் படி ஒன்றுகூட இல்லை. "வாசித்துப் பார், அம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். எதை வாசிப்பது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த மாலையில் நூலைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். அதுவும் கூட்டம் முடிந்தபின், படியில் கேட்கப்பட்டது.

எழுத்தாளர் வருகை வீண் என்று நான் கூறவில்லை. அது நம் மண்ணிற்கு மிகப் பழைய வழக்கம். இதே மலையின் தென்புற அடிவாரத்தில் உள்ள செங்கத்தை ஆண்ட நன்னனை நோக்கிக் கூத்தரை ஆற்றுப்படுத்தும் நூல்தான் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளில் பெரும்பகுதி வழியைப் பற்றியது. எங்கே பாறை வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், எந்த ஊரார் என்ன உணவு தருவர் என்றெல்லாம் புலவர் முன்கூட்டியே கூறிவிடுகிறார். கலைஞன் சென்று சேருமுன் அம்மக்களை அறிந்துகொள்கிறான். அம்மக்களும் அவனை உறவினனைப்போல் ஏற்கின்றனர். இன்றைய நம் விழாக்களில் இவ்விரு திசை அறிமுகமும் இல்லை. வருபவருக்கு ஊர் தெரியாது. ஊருக்கு நூல் தெரியாது. இடையில் இருப்பது பொன்னாடை ஒன்றே.

அரசு வாளாவிருந்தது என்றும் கூற இயலாது. தமிழகத்தில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. 2010-இல் திறக்கப்பட்ட சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'பொன்மாலைப் பொழுது' என்னும் பெயரில் எழுத்தாளரும் அறிஞரும் வாசகரைச் சந்தித்து வந்துள்ளனர். 2022-23-இல் பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என ஆறுகளின் பெயராலும், சென்னையின் பெயராலும் பொது நூலகத் துறை இலக்கியத் திருவிழாக்களை நடத்தியது. இவை போற்றத்தக்கவை. ஆனால், பெருநகரில் ஓர் எழுத்தாளர் பேசுவதும், மலையடிவாரத்துக் கிளை நூலகத்தில் பேசுவதும் ஒன்றல்ல. நகரத்து வாசகர் நூலை வாங்கி வாசித்துவிட்டு வருகிறார். அல்லது கேட்டபின் வெளியே சென்று வாங்குகிறார். சிற்றூரில் அந்நூல் கிடைக்கக்கூடிய இடம் பெரும்பாலும் அந்த ஒரு நூலகமே. அங்கே அது இல்லாதபோது, கூட்டம் பசியைத் தூண்டிவிட்டு உலையை அணைத்துவிடுகிறது.

இவ்விழாக்களின் உண்மையான விருந்தோம்புநர் யார் என்னும் கேள்வியும் எழுகிறது. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948-இல், சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியா விடுதலை பெற்றபின் நூலகத்திற்கென இயற்றப்பட்ட முதற் சட்டம் அது. அதன் வழியே வந்ததுதான் நூலக வரி. சொத்து வரி செலுத்தும் ஒவ்வொரு வீட்டாரும், எழுத்தறியாதவராயினும், அதனோடு சேர்த்து நூலகத்திற்கும் ஒரு பங்கு செலுத்துகின்றனர். ரூ.1,000 தருபவர் 'புரவலர்' எனப் பெறுகிறார். விழா மேடையில் அவருக்குச் சிறப்புச் செய்கிறோம். செய்ய வேண்டியதே. ஆனால், ஆண்டுதோறும் ஓட்டு வீட்டிற்கு வரி கட்டிவரும் மூதாட்டியும் புரவலரே அன்றோ? அவருக்கு மேடை வேண்டாம். நாற்காலி ஒன்றும் காதில் விழும்படி ஒரு கதையும் கிடைத்தால் போதும்.

இங்கே ஒடுகத்தூரை எண்ணிப் பார்க்கிறேன். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு முதலிய மலையூர்களின் மக்கள் இறங்கி வந்து சேரும் சமவெளி ஊர்களுள் ஒன்று அது. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கூடும் ஆட்டுச்சந்தை இவ்வட்டாரத்தில் பெயர் பெற்றது. விடியுமுன்னரே ஆடுகளோடும் பேரத்தோடும் ஊர் விழித்துக்கொள்ளும். வாரத்தில் மக்கள் மிகுதியாகக் கூடும் நாள் அதுவே. நம் கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை எந்நாள்? அதே வெள்ளிக்கிழமை. எவரும் வேண்டுமென்று செய்த பிழையன்று. மாநிலம் முழுமைக்கும் பொதுவாக வகுத்த விதி. ஆனால் விளைவு என்ன? மலை இறங்கி வரும் நாளில் கதவு பூட்டியிருக்கிறது. கதவு திறந்திருக்கும் நாளில் மலை மேலேயே இருக்கிறது.

நூலகவியலின் தந்தை சீர்காழி இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்னும் கருத்துடையது. எழுத்தாளர் வருகையின் நியாயம் முழுவதும் அவ்விதியில் அடங்கியுள்ளது. அதே ஆண்டில்தான் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பெருந்தகை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அன்று மாட்டுவண்டியால் இயன்றது, இன்று மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சந்தையோரத்தில் ஒரு மேசையால் இயலாதா?

'ஊர்க்கூட்டம் கூட்டிப் பேசுவதால் நூலகம் வளர்ந்துவிடுமா?' என ஐயுறுவோர் யாழ்ப்பாணத்தை நோக்குக. அங்கே நீதிமன்ற எழுத்தராயிருந்த க. மு. செல்லப்பா 1933-இல் தம் இல்லத்தில் நூல்களை இரவல் தரத் தொடங்கினார். பின்னர் ஊரார் கூடினர். புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகள் அம்முயற்சிக்குத் தோள் கொடுத்தார். களியாட்ட விழாக்களும் நல்வாய்ப்புச் சீட்டுகளும் நடத்திப் பணம் திரட்டினர். 1959-இல் நூலகத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அது 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது, அத்தீயைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியால் உயிர் நீத்தார் என்பர். ஒரு கட்டடத்திற்காக எவரும் அவ்வாறு நெஞ்சு வெடிப்பதில்லை. தம்முடையது என்று எண்ணியதால் வெடித்தது. விழாக்கள் நூலகத்தை மக்களுடையதாக ஆக்கவல்லன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. நம் விழாக்கள் அப்பணியைச் செய்கின்றனவா என்பதே கேள்வி.

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். 'கிளை நூலகத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஒரே நூலகர். அவர் நூல் வழங்குவாரா, நாற்காலி போடுவாரா? உள்ளூர்ப் பெருமக்களை மேடையேற்றாவிடில் ஒலிபெருக்கிக்கும் தேநீருக்கும் பணம் தருபவர் யார்?' என்பர். இரண்டும் உண்மையே. நூலகர்மீது சுமை ஏற்றும் எத்திட்டமும் அன்பற்றது. ஆனால், நான் கேட்பது செலவைக் கூட்டுவதன்று, குறைப்பது. ஒன்பது பொன்னாடைகளின் விலையில் அந்நூலின் சில படிகளை வாங்கலாம். கூட்டத்திற்கு ஒரு மாதம் முன்னரே அவை சுற்றுக்குச் செல்லட்டும். வாசித்தோர் நால்வர் தம் கேள்விகளோடு முன்வரிசையில் அமரட்டும். வாழ்த்துரை ஒன்று போதும். நேரத்தில் பாதி கேள்விக்குரியதாகட்டும். எழுத்தறியாதோர் வந்திருப்பின் நூலின் ஒரு பகுதி உரக்க வாசிக்கப்படட்டும். திருவண்ணாமலையைச் சேர்ந்த பவா செல்லதுரை வாயால் கதை சொல்லியே எத்தனையோ பேரை நூலின்பால் ஈர்த்ததை நாம் அறிவோம். ஆண்டிற்கு ஒருமுறை மலையூர் முதியவர் ஒருவரையும் அழைப்போம். அவர் எழுதியதில்லை, ஆயினும் எழுதப்படாத கதைகளின் ஆசிரியர் அவர். விழா வென்றதா என்பதை வந்திருந்தோர் தலைகளை எண்ணி அறிய வேண்டியதில்லை. அடுத்த மாதத்து நூல் வழங்கும் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

திருத்தூதர் பணிகள் நூலில் வரும் எத்தியோப்பிய அதிகாரியின் நிகழ்ச்சியை நான் பலமுறை மறையுரையில் விளக்கியுள்ளேன். அவர் தேரில் அமர்ந்து ஏட்டை வாசித்துக்கொண்டிருக்கிறார். பிலிப்பு ஓடிச்சென்று முதலில் சொற்பொழிவாற்றவில்லை. வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். அவர் அழைத்தபின்பே ஏறி அமர்கிறார். அவர் வாசித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே தொடங்குகிறார். இத்தனை ஆண்டுகள் இதைப் பிறருக்கு விளக்கிய நான், அந்த நூலகப் படியில் கேள்வி என்னைத் தேடி வந்தபோது விடையின்றி நின்றேன்.

அந்நாவலைப் பின்னர் வாங்கி வாசித்தேன். அந்தப் பெண் ஊருக்குத் திரும்புகிறாள். ஆனால் அவள் விட்டுச் சென்ற வீடு அங்கே இல்லை. விடையோடு விடுதிக்குச் சென்றபோது ஆண்டு விடுமுறை தொடங்கிவிட்டது, பிள்ளைகள் மலையேறிவிட்டனர். அடுத்த ஆண்டு அவள் அவ்விடுதிக்குத் திரும்பவில்லை. நூலை அந்த நூலகத்திற்கே கொடுத்தேன். அதன் முதற்பக்கத்தில் என் பெயரை எழுதவில்லை.

இனி எவரேனும் என்னைத் தலைமை தாங்க அழைத்தால் இரண்டு கேட்கப் போகிறேன்: நூலின் ஒரு படி முன்னதாகவே எனக்கு வேண்டும், அழைப்பிதழில் நன்றியுரைக்கு மேலே 'வாசகர் கேள்விகள்' என ஒரு வரி வேண்டும். இவ்விதழை வாசிக்கும் பங்குத்தந்தையரும் ஆசிரியப் பெருமக்களும் வாசகர் வட்ட அன்பர்களும் அவ்வாறே கேட்பார்களாயின், அடுத்த கூட்டத்தில் ஒரு சிறுமி தன் ஐயத்தைப் படியில் நின்று கேட்க வேண்டியிராது.