மாசிமகக் கூட்டமும் மறுநாள் கரையும்

மாசி மகத்தன்று எங்கள் வைத்திக்குப்பம் கடற்கரையில், மயிலத்து முருகன் முதலாகச் சுற்றுவட்டாரத் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகையில், தரிசிக்க வந்த ஜனத்திரளில் மணலே கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் விடியற்காலையிலோ அதே இடத்தில், வாடிய பூக்களுக்கும் மிதிபட்ட தொன்னைகளுக்கும் நடுவே, கிழிந்த வலையைத் தைத்தபடி நாலைந்து பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். முன்னதைக் கூட்டம் என்கிறோம், பின்னதை ஊர் என்கிறோம். நமது உயர்கல்வி ஸ்தாபனங்கள் இணையத்தில் மாணவர் சமூகங்களை நிறுவ மேற்கொண்டுள்ள முயற்சியைப் பரிசீலிக்கும்போதெல்லாம், கூட்டத்தை ஊர்க்கணக்கில் எழுதுகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு எழாமல் இருப்பதில்லை.

2017 ஜூலை 9 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கிவைத்த 'ஸ்வயம்' இணையவழிக் கல்வித் திட்டம், காணொளிப் பாடம், பாடக்குறிப்பு, சுயமதிப்பீட்டுப் பயிற்சி, சந்தேகம் தீர்க்கும் கலந்துரையாடல் என நான்கு அங்கங்களை உடையது. 'தானே' என்று பொருள்படும் பெயரைச் சூட்டிவிட்டு நாலாவது அங்கமாகப் பிறரையும் அழைத்தது வேடிக்கைதான்; எனினும் அழைப்பு நியாயமானதே. ஒரு பருவத்துப் பாடங்களில் இத்திட்டத்தின் வழியே படிக்கத்தக்க பங்கின் உச்ச வரம்பைப் பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் 20 விழுக்காடாக வைத்து, 2021-இல் 40 விழுக்காடாக உயர்த்தியபின், முகமறியாத சகபாடிகளோடு கற்பது கல்லூரி வாழ்வின் ஓர் அம்சமாகவே ஆகிவிட்டது.

இதன் பிரயோஜனத்தைக் குறைத்து மதிப்பிடுவது அநீதி. எங்கள் தெருவில், அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகும் ஒரு வீட்டுப் பெண், வகுப்பறையில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டதாக அவள் உபாத்தியாயர்கள் எவரும் சொல்லமாட்டார்கள். அவளே, வீட்டார் உறங்கியபின் வாசற்படியில் அமர்ந்து, நிகழ்தகவுக் கணக்கொன்றில் தான் சிக்கிய இடத்தை ஐந்து வரியில் பிசிறில்லாமல் எழுதி ஸ்வயம் கலந்துரையாடலுக்கு அனுப்பியிருந்ததை அவளது கைபேசியில் நான் பார்த்தேன். குரல் நடுங்குகிறவர்களுக்கு எழுத்து அளிக்கும் தைரியம் அது. ஆனால் ஒரு வாரம் கழித்து விசாரித்தபோது, "மூணு பேர் லைக் போட்டிருக்காங்க பெரியப்பா, பதில்தான் வரல" என்றாள். பயிற்சி ஒப்படைக்கும் கெடு அதற்குள் கடந்துவிட்டிருந்தது.

கனடா நாட்டு அறிஞர்களான காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவரும் 2000-இல் எழுதிய ஆய்வுரையில், இத்தகைய கல்விக்குச் சிந்தனை, சகவாசம், போதனை ஆகிய மூன்றின் பிரசன்னமும் வேண்டுமென்று வகுத்தார்கள். நம்மவர் முதலிரண்டும் மூன்றாவது இல்லாமலே தாமாக விளையும் என்று நம்புவதாகத் தோன்றுகிறது. பங்கேற்புக்கு மதிப்பெண் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. அதன் பலனாக "மிகவும் பயனுள்ள கருத்து, நன்றி" என்ற வாக்கியம் ஒரே பக்கத்தில் முப்பது முறை வந்ததுதான் மிச்சம்.

எங்களுக்குத் தெற்கே, அதிக தூரமில்லை, வீராம்பட்டினத்தில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கிய காலத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியாக அவ்வூர் மீனவர்களுக்கு வாசித்தார்கள். வீட்டுக்கு வீடு கணிப்பொறி இல்லை. ஆயினும் காரியம் நடந்தது. பஞ்சாயத்தும் தலைக்கட்டு வரியும் மீன்பாட்டில் பங்கும் ஏற்கெனவே பிணைத்து வைத்திருந்த ஜனங்களிடம் இணையம் பிற்பாடு வந்து சேர்ந்ததே அதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். உயர்கல்வியிலோ சாதனம் முதலில் வருகிறது, பிணைப்பு பிறகு தேடப்படுகிறது.

தேடுவதில் சற்று நிதானம் காட்டியவர்களும் இல்லாமலில்லை. 2020-இல் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி., பெருந்தொகையான மாணவர்களைப் பிச்சாவரம், நீலகிரி, காசிரங்கா என்று வனங்களின் பெயர் பூண்ட இல்லங்களாகப் பிரித்திருக்கிறது. சதுப்பு நிலக் காட்டைக் கண்ணால் கண்டிராத டில்லிப் பையனொருவன் தன்னைப் பிச்சாவரத்தான் என்று சொல்லிக்கொள்வது சிரிப்பை வரவழைக்கலாம். ஆயினும், லட்சம் பேருக்கு நடுவில் வாய் திறக்காதவன் தன் இல்லத்தாரிடம் திறப்பான் என்ற மனித ஸ்வபாவத்தை அந்த ஏற்பாடு அறிந்திருக்கிறது.

இப்படிப்பட்ட ஏற்பாடு இல்லாத இடங்களில் மாணவர்கள் தாமே வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களுக்குக் குடிபெயர்ந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் தவறு நேருமோ என்ற கூச்சமின்றி அங்கே தமிழில் கேட்கிறார்கள். பத்து நிமிஷத்தில் பதிலும் வருகிறது. அதே வழியில் பயிற்சி விடைகளும் முழுசாக வந்து இறங்குகின்றன என்பதை மறைப்பதற்கில்லை. உதவியும் களவும் ஒரே கூடையில் இருக்க, ஆசிரியர் அந்தக் கூடை இருப்பதையே அறியாமல் வெளியே நிற்கிறார்.

அந்தப் பெண்ணின் கணக்கைக் கடைசியில் தீர்த்து வைத்தவர், முந்தைய வருஷம் அதே பாடத்தைப் படித்து முடித்த, நாகர்கோவிலோ நாங்குநேரியோ ஏதோ ஓர் ஊர்க்காரர். அவரும் அத்தகைய ஒரு குழுவிலிருந்தவர்தான். அடுத்த பருவம் தொடங்கியதும் புதியவர்களுக்குத் தானும் சொல்லிக்கொடுக்கலாமென்று அவள் பழைய பாடப்பக்கத்தைத் திறந்தபோது, பருவம் முடிந்தவர்க்கு எழுத அனுமதி இல்லை என்று அறிவிப்பு வந்ததாம். இப்போது ராத்திரிகளில் வாசற்படியில் உட்கார்ந்து, வாட்ஸ்ஆப்பில் வரும் கணக்குகளைக் காகிதத்தில் போட்டுப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.