கடன் வாங்கிய வினைச்சொல் யாருடைய சொல்?

‘ஆங்கிலச் சொல் கலந்தால் மொழி அழியும்’ என்று கட்டுரையில் எழுதாத மாணவர் உண்டா? நாமும் சரி போட்டுவிடுகிறோம். இந்தக் கருத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போமே. அதற்கு ஜெர்மனி நல்ல எடுத்துக்காட்டு.

அங்கே புகழ்பெற்ற அகராதி டூடன். அதன் 2004ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘கூகெல்ன்’ (கூகுளில் தேடு) என்ற வினை இடம்பெற்றது. ஆங்கிலச் சொற்களை எதிர்க்கும் ஜெர்மன் மொழிச் சங்கம், 2013இல் ‘மொழிக் கலப்படக்காரர்’ என்ற கேலிப் பட்டத்தை அந்த அகராதிக்கே கொடுத்தது!

சங்கத்தின் கவலை புரிகிறது. ஆனால், அது சொற்களை எண்ணுகிறதே தவிர இலக்கணத்தைப் பார்க்கவில்லை. ‘கூகுள்’ ஜெர்மனுக்குள் வந்ததும் ஜெர்மன் விகுதி ஒட்டிக்கொள்கிறது. முடிந்த செயலைச் சொல்ல, முன்னால் ‘கெ’, பின்னால் ‘ட்’ சேர்ந்து ‘கெகூகெல்ட்’ ஆகிறது. ‘டவுன்லோட்’ இன்னும் சுவையானது. ஜெர்மானியர் ‘டவுன்’ என்பதைத் தங்கள் மொழியின் பிரியும் முன்னொட்டு போலக் கருதி, நடுவில் ‘கெ’யை நுழைத்து ‘டவுன்கெலோடெட்’ என்கிறார்கள். டச்சுக்காரர்களோ சொல்லைப் பிரிக்காமல் முன்னாலேயே சேர்த்து ‘கெடவுன்லோட்’ என்கிறார்கள். சொல் ஒன்றுதான், இரண்டு மொழியும் தத்தம் விதிப்படி ஆள்கின்றன. இதை அழிவு என்று எப்படிச் சொல்வது?

“அப்போ நாங்களும் ‘டவுன்லோட் பண்ணினேன்’னு எழுதலாமா, டீச்சர்?” என்று மாணவர் கேட்பார். அவசரப்பட வேண்டாம். இங்கே காலமும் இடமும் காட்டுவது ‘பண்ணு’; ஆங்கிலச் சொல் விகுதி ஏற்காமல் அப்படியே நிற்கிறது. ஆனால், வடமொழியிலிருந்து வந்த யோசி, ரசி, தியானி ஆகியவற்றைப் பாருங்கள். யோசித்தான், ரசித்தாள், தியானித்தார் என்று முழுத் தமிழ் வினையாகவே நடக்கின்றன. தமிழுக்கும் இந்தச் செரிமான சக்தி உண்டு.

ஆகவே, கடன் வாங்குவது மட்டுமே ஆபத்தல்ல. இருக்கும் சொல்லை மறப்பதுதான் ஆபத்து. ஜெர்மானியர் ‘ஹெருன்டர்லாடன்’ என்ற சொந்தச் சொல்லையும் விடவில்லை. நமக்கும் ‘பதிவிறக்கு’ இருக்கிறது. பேச்சில் எப்படிச் சொன்னாலும், தேர்வுக் கட்டுரையில் ‘பதிவிறக்கம் செய்தேன்’ என்றே எழுதுங்கள்.

ஆசிரியர்களே, அடுத்த முறை ‘மொழி அழியும்’ என்ற வரி வந்தால், பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: “எப்படி? ஒரு சான்று தருக.”