ஃபர்ஸ்ட் குவாலிட்டி லோக்கல்

பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். அந்தக் கட்டடம் மொட்டைமாடியிலிருந்து தெரிகிற தூரத்தில் என் நண்பருக்கு ஒரு வீடும், ஒட்டினாற்போல் ஒரு காலி மனையும் இருக்கின்றன. மழைக்காலம் முடிந்தால் மனையில் இடுப்பளவு புல். அதற்குள் சாரைப்பாம்பு ஒன்று சாவகாசமாகப் போனதைப் பார்த்த அன்றே வீட்டம்மா உத்தரவு போட்டுவிட்டார். நண்பர் ஆன்லைனில் ஆறாயிரத்துச் சொச்சத்துக்குப் புல் வெட்டும் மெஷின் ஒன்று வரவழைத்தார். தோளில் மாட்டிக்கொள்ளும் ரகம். டூ ஸ்ட்ரோக். கம்பெனி பெயர் வேண்டாம். சொன்னாலும் பிரயோசனமில்லை, அதே மெஷின் ஸ்டிக்கர் மாறி வேறு பெயர்களிலும் வருகிறது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை புகைய ஆரம்பித்தது. கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று தெருப் பையன்கள் ஓடி வந்தார்களாம்.

டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலுக்குத் தனி அறை கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்ற, அது உள்ளே போய் வழுவழுப்புக் கொடுத்துவிட்டு எரிந்தும் எரியாமலும் வெளியே வரும். இதற்கு எளிய வடிவம் கொடுத்து 1891-ல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே. வால்வு, கேம் சமாசாரங்கள் இல்லாததால் செய்வது சுலபம், விலையும் மலிவு. 1952-ல் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தன் வீட்டு ஷெட்டில் முதல் 'விக்டா' புல்வெட்டியைச் செய்தபோது பெட்ரோல் டாங்க்குக்குப் பதில் காலி பீச் பழ டப்பாவைத்தான் மாட்டினார். ஆக, மலிவு என்பது குற்றமில்லை. அந்த டப்பா தன்னை டப்பா என்றுதான் சொல்லிக்கொண்டது.

நண்பரின் மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். விமர்சனம் என்றால் நாவலுக்கும் சினிமாவுக்கும் மட்டும்தானா என்ன? 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில் என்கிறது புத்தகம், அதாவது இருபத்தைந்துக்கு ஒன்று. டாங்க்கின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரோ ஐம்பதுக்கு ஒன்று, 20 மில்லி போதும் என்கிறது. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை! 'புகை அதிகமானால் ஆயிலைக் குறை' என்கிற பொருளில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. நண்பர் பக்தியோடு குறைத்தார். புகை அப்படியே இருந்தது, இன்ஜின் மட்டும் தொட முடியாமல் சுட்டது. இன்னும் குறைத்திருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு கட்டிப்பிடித்து நின்றிருக்கும்.

ஸ்டேஷன் பக்கம் ஒரு மெக்கானிக். ஒரு காலத்தில் ஆர்எக்ஸ் 100 வண்டிகளாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கறுப்பாக, ஈரமாக இருந்தது.

"ஆயில் இல்ல சார், பெட்ரோல் ஜாஸ்தி போவுது. கார்புரேட்டர் ஊசி சரியா மூடல."

சரியான தீர்ப்பு. பாரீஸ் கார்னர் போய்ப் புது கார்புரேட்டர் வாங்கி வரச் சொன்னார். சென்னையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போயிருக்கிறீர்களா? 'கம்பெனி, ஃபர்ஸ்ட் குவாலிட்டி லோக்கல், லோக்கல்' என்று மூன்று ஜாதி சொல்வார்கள். நடுவில் இருப்பதை வாங்கினால் புத்திசாலி என்று நமக்கே ஒரு நினைப்பு வரும். நண்பர் நடுவில் இருப்பதை வாங்கினார்.

மாட்டினால் அதே புகை. இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. மெக்கானிக் என்ன முடிவுக்கு வருவார்? 'கார்புரேட்டர் புதுசு, ஆகவே அது நிரபராதி' என்றுதானே? இன்ஜினைப் பிரித்தார். ரிங் மாற்றினார், சீல் மாற்றினார். அவையும் ஃபர்ஸ்ட் குவாலிட்டி லோக்கல். புகை போகவில்லை, ஸ்டார்ட் ஆவதும் சண்டித்தனமாயிற்று. இப்போது பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேர்ந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. ரிப்பேர் என்கிற வித்தையே 'மாற்றிப் போட்டது நல்ல பாகம்' என்ற ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. மட்டமான பாகம் உழைக்காது என்பதுகூட ரெண்டாம் பட்சம். அது பொய் சாட்சி சொல்கிறது. இருபது வருஷ அனுபவமுள்ள கை நாலு நாள் இருட்டில் துழாவியது, கூலியும் கேட்க முடியாமல்.

நாலாவது நாள் அவர் செய்ததை முதல் நாளே செய்திருக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொரு மெஷினின் கார்புரேட்டரைக் கழற்றி இதில் மாட்டினார். ரெண்டு இழுப்பில் ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரத்தில் புகை அடங்கிவிட்டது. அப்புறம் பழைய கார்புரேட்டரையே பிரித்து ஊசியும் ரப்பர் சவ்வும் மட்டும், இந்தத் தடவை 'கம்பெனி', போட்டுக் கொடுத்தார். (அந்தச் சவ்வு விறைத்துப்போயிருந்தது. 2025-லிருந்து பங்க்கில் பெரும்பாலும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். மட்டமான ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. கலந்ததை மாதக்கணக்கில் டாங்க்கில் விட்டு வைக்காதீர்கள்.)

புகையைக் கண்டால் டூ ஸ்ட்ரோக்கையே திட்டுவது நம் வழக்கம். நியாயமும் உண்டு. இலை ஊதும் மெஷினை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் மாசு, கார் சுமார் 1,770 கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம் என்று கலிஃபோர்னியாவின் காற்று வாரியம் கணக்கு சொன்னது. கன்னியாகுமரி போய்த் திரும்பினாலும் மிச்சமிருக்கும். அங்கே 2024-லிருந்து புதிதாகத் தயாரிக்கும் இந்த மாதிரி மெஷின்கள் பெரும்பாலும் புகை விடாதவையாக இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஆனால் டெல்லி புகைந்தபோது 1998-ல் நம் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுகளில் ஒன்று, 2டி ஆயிலை உதிரியாக விற்கக் கூடாது என்பது. இன்ஜினோடு உள்ளே போகிற சரக்கையும் பார்த்த உத்தரவு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் அந்த மாதிரி யாரும் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நண்பருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரப் புகை. சாலையோரம் தினக்கூலிக்குப் புல் வெட்டுகிறவர் இதே மெஷினை, இதே பாகங்களோடு, நாள் பூராவும் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

புது கார்புரேட்டரைத் திருப்பிக் கொடுக்க நண்பரோடு நானும் போனேன். கடைக்காரர் முகம் கோணாமல் பணத்தைக் கொடுத்தார். கார்புரேட்டரைத் துணியால் ஒரு தடவை துடைத்தார். அதே அட்டைப் பெட்டியில் போட்டு, மேல் தட்டில் மற்ற புதுசுகளோடு வைத்துவிட்டு, "அடுத்து யாரு சார்?" என்றார்.