புல்லட் கோஷ்டி

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் நீங்கள் இவர்களைப் பார்க்கலாம். டீக்கடை ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு புல்லட்கள் ஸ்டாண்டு போட்டு நிற்கும். ஆசாமிகள் டீ கிளாஸும் கையுமாக ஏதாவது ஒரு எஞ்சினைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐ.டி. கம்பெனி மேனேஜர், பல் டாக்டர், நிலம் வாங்கி விற்கும் புரோக்கர், காலேஜ் பையன். கல்யாண வீட்டில்கூட இந்த நாலு பேரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். இங்கே காலேஜ் பையன் பல் டாக்டருக்குப் பாடம் எடுக்கிறான். ''டாப்பெட் டைட்டா இருக்கு சார். அதான் சூடானதும் நின்னுடுது.'' டாக்டர் பவ்யமாகக் கேட்டுக்கொள்கிறார்.

''ஒரு வண்டியைப் பத்தி வாராவாரம் பேச அப்படி என்னதான் இருக்கு?'' என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இவர்களிடமே கேட்டுப் பாருங்கள். சுதந்திரம், சகோதரத்துவம், காற்று முகத்தில் அடிக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள். அத்தனையும் விளம்பரத்தில் வந்த வாசகங்கள். காற்று எல்லா வண்டியிலும்தான் முகத்தில் அடிக்கிறது. ஓட்டை பஸ்ஸின் ஜன்னல் சீட்டில் இன்னும் நன்றாகவே அடிக்கும்.

என் அபிப்பிராயம் வேறு. புல்லட் நல்ல வண்டி என்பதால் இவர்கள் கூடவில்லை. குறையுள்ள வண்டி என்பதால்தான் கூடினார்கள்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் ஃபேக்டரி. பிறகு இங்கிலாந்தில் தாய்க் கம்பெனியே மூடிப்போனது. இங்கே மட்டும் அதே 346 சிசி எஞ்சினைப் பெரிய மாறுதல் இல்லாமல் பல வருஷம் செய்துகொண்டே இருந்தார்கள். எண்ணெய் ஒழுகும். 'ஒழுகலைன்னா உள்ளே எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்' என்பது புல்லட்காரர்களின் பழைய ஜோக். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர் ஏறினால் அவசரத்தில் கியரை மிதிப்பார்.

ஸ்டார்ட் செய்வது ஒரு தனி வைபவம். சாவியைப் போட்டுவிட்டு அம்மீட்டர் முள்ளைக் கவனிக்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்த, ஒரு கட்டத்தில் முள் நடுவுக்கு வரும். அப்போது கைப்பிடியில் இருக்கும் குட்டி லீவரை இழுத்து உள்ளே இருக்கும் அமுக்கத்தைக் கொஞ்சம் வெளியேற்றி, பிஸ்டன் உச்சியைத் தாண்டும் அளவுக்கு மட்டும் நகர்த்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் முழு உடம்பையும் போட்டு ஒரு மிதி. சரியாக மிதித்தால் 'டப்... டப்...' என்று உயிர் வரும். இல்லையென்றால் கிக்கர் எகிறிக் கணுக்காலைப் பதம் பார்க்கும்.

இதை நான் எழுதியும் நீங்கள் படித்தும் பிரயோஜனமில்லை. எவ்வளவு தூரம் அழுத்துவது, எப்போது விடுவது என்பது காலுக்குத் தெரிய வேண்டிய விஷயம். பக்கத்தில் ஒருவர் நின்று, 'இன்னும் கொஞ்சம்... ம், இப்ப விடு' என்று சொல்லித்தான் வரும். ஆக, வண்டி வாங்கிய முதல் நாளே உங்களுக்கு இன்னொரு மனிதர் தேவைப்படுகிறார். வாத்தியார் கிடைத்துவிட்டார், கோஷ்டி ஆரம்பமாகிவிட்டது.

குறையே இல்லாத வண்டிக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. சாவியைத் திருகி பட்டனை அமுக்கினால் கிளம்பும் ஸ்கூட்டர்கள் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் ஞாயிறு காலை டீக்கடையில் கூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் சங்கம் என்று ஒன்று உண்டா?

இன்னும் நல்ல உதாரணம் ஜாவா. மைசூரில் 1961-ல் தொடங்கிய ஐடியல் ஜாவா ஃபேக்டரி 1996-ல் மூடப்பட்டது. கிக்கரையே முன்னால் மடக்கி கியராகப் பயன்படுத்தும் விசித்திர வண்டி. 2018-ல் ஜாவா என்ற பெயர் புது வண்டியில் திரும்பி வந்தது. நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பழைய வண்டிகள் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். கம்பெனி இல்லை, ஷோரூம் இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை. ஆனால் வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்து, ஜூலை மாத இரண்டாம் ஞாயிறை ஜாவா தினமாகவே கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவரிடம் கார்புரேட்டர், இன்னொருவரிடம் கிராங்க். தனித்தனியாக இருந்தால் இரண்டும் பழைய இரும்பு, எடைக்குத்தான் போகும்.

மோட்டார் சைக்கிள் பற்றிப் பேசினால் ராபர்ட் பிர்ஸிக்கின் புத்தகத்துக்கு வராமல் முடியாது. 'ஜென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்', 1974. வெளியாகும் முன் 121 பதிப்பாளர்கள் வேண்டாம் என்று சொன்ன புத்தகம், பிறகு லட்சக்கணக்கில் விற்றது. மகனைப் பின்னால் உட்கார வைத்து அமெரிக்காவின் குறுக்கே போகிறார். கூடவே பிஎம்டபிள்யூ பைக்கில் நண்பர் தம்பதி. நண்பரின் ஹேண்டில்பார் இறுகப் பிடிக்காமல் நழுவுகிறது. பிர்ஸிக், 'காலி பீர் டின்னில் ஒரு துண்டு வெட்டிச் செருகினால் சரியாகிவிடும்' என்கிறார். யோசனை சரியானதுதான். நண்பருக்கோ அவமானம். என் பிஎம்டபிள்யூவுக்கு பீர் டின்னா? இதை வைத்து, உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள் என்று பிர்ஸிக் அருமையாக அலசுகிறார். நடுவில் கிரேக்கத் தத்துவத்துக்குள் போய்விடுகிறார். அங்கேயே மூடி வைத்தவர்கள் கூச்சப்பட வேண்டாம், நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எனக்கு அதில் ஒரு குறை உண்டு. அந்தப் புத்தகத்தில் ரிப்பேர் என்பது தனி ஆளின் தவம். வொர்க்‌ஷாப் பையன்கள் ரேடியோவை அலறவிட்டு, எஞ்சினைக் கண்டபடி கழற்றிக் கெடுத்துவிடுகிறார்கள். கடைசியில் 25 சென்ட் பெறுமானமுள்ள ஒரு பின் உடைந்ததுதான் காரணம் என்று அவரே கண்டுபிடிக்கிறார். சபாஷ்தான். ஆனால் அந்த பீர் டின் யோசனையை நம் டீக்கடையில் யாராவது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நாலு பேர் டின்னைத் தேடி ஓடியிருப்பார்கள். அடுத்த வாரம் அது சொன்னவர் பெயரிலேயே புழக்கத்துக்கு வந்திருக்கும்.

இவர்கள் கூடுவதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. ஆபீஸில் 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் இன்க்ரிமென்ட் போச்சு. சொந்தக்காரர்களிடம் சொன்னால் மானம் போச்சு. நடுவயசு ஆண்பிள்ளை கூச்சமில்லாமல் தெரியாது என்று சொல்லக்கூடிய இடங்கள் நம் ஊரில் ரொம்பக் குறைவு. புல்லட் பக்கத்தில் சொல்லலாம். அதேபோல், புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்த்தே டாப்பெட் சரியா இல்லையா என்று சொல்லத் தெரிந்துவிட்டால், நீங்கள் அங்கே பெரிய மனிதர். பேங்க் பேலன்ஸை யாரும் கேட்பதில்லை.

இப்போது அந்தக் குறைகள் போய்விட்டன. 2010 வாக்கில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு விடை கொடுத்தார்கள். கியர் இடது காலுக்கு வந்தாயிற்று, பட்டன் ஸ்டார்ட் வந்தாயிற்று. 2024-25-ல் ராயல் என்ஃபீல்டு விற்றது 10 லட்சம் வண்டிகளுக்கு மேல். தரம் உயர்ந்ததைக் குறை சொன்னால் எனக்குத்தான் கிறுக்கு. ஆனால் கூட்டத்தின் குணம் மாறிவிட்டது. கோவாவில் கம்பெனியே வருஷா வருஷம் டிக்கெட் போட்டு விழா நடத்துகிறது. ரைடர் மேனியா என்று இருந்தது, இப்போது மோட்டோவெர்ஸ். பாட்டு, டி-ஷர்ட், சாப்பாட்டுக் கடை எல்லாம் ஜோர். ஆனால் 'எப்படிச் சரி பண்ணினே?' என்பது போய், 'எவ்வளவுக்கு வாங்கினே?' என்று பேச்சு மாறிவிட்டது. ஜாக்கெட் விலை, ஹெல்மெட் விலை, சைலன்ஸர் விலை. சத்தம் போடுகிற அந்த மாற்று சைலன்ஸர் சட்டப்படி குற்றம் என்பதைத் தெருவில் தூங்கும் குழந்தைகள் சார்பில் சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு வருத்தம் பழைய கோஷ்டியைப் பற்றியே. அந்தக் காலேஜ் பையனுக்கு டாப்பெட் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது யார்? புதுப்பேட்டையிலோ மதுரையிலோ, தெருவோரம் சாக்கு விரித்து, பன்னிரண்டு வயசில் ஸ்பேனர் பிடித்த ஒரு மெக்கானிக். கோஷ்டியில் எல்லாரும் அவரை 'அண்ணன் கைராசிக்காரர்' என்று புகழ்கிறார்கள். லடாக் போகும்போது அவர்தான் வண்டியைப் பிரித்துக் கோத்து, உபரி கேபிளும் பிளக்கும் கட்டிக் கொடுத்து அனுப்புகிறார். திரும்பி வந்து எடுத்த குரூப் போட்டோவில் அவர் இல்லை. ஞாயிறு காலை டீக்கடையிலும் நான் அவரைப் பார்த்ததில்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை ஜாஸ்தி.