மந்திரமும் சாட்சியும்

மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்பது ஈழத்தின் ஏனைய தமிழ்ப் பகுதிகளில் நெடுங்காலமாக வழங்கும் பேச்சு. மட்டக்களப்பார் தாமும் அதனைச் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. மந்திரம் எப்பொழுதும் அயலூரில் இருப்பது; தன்னூரில் நிகழ்வதோ வைத்தியம், சடங்கு, வழக்கம் என்றே பெயர் பெறும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு நோக்குமிடத்து, அமெரிக்க நிறுவனமான வைற் வூல்வ் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மேஜ்: த அசென்ஷன்’ என்னும் விளையாட்டின் மைய விதி எவ்விடத்தில் இடறுகின்றது என்பது புலனாகும்.

மேசையைச் சுற்றியிருப்போர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, வாய்மொழியாகவே கதையை வளர்த்துச் செல்வது இவ்வகை விளையாட்டு. ஒருவர் கதைசொல்லியாகி உலகத்தையும் ஏனைய மாந்தரையும் நடத்துவார். ஐயத்துக்கிடமான செயல்களின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இதன் முன்னோடி. அது வாளும் கோட்டையும் நிறைந்த கற்பனை உலகில் நிகழ, ‘மேஜ்’ இன்றைய நகரத் தெருக்களிலே நிகழ்கின்றது. அவ்வுலகம் பெரும்பாலோரின் நம்பிக்கையால் ஆக்கப்பட்டது. மந்திரம் வல்லோன் அந்நம்பிக்கையை மீறுவானாயின் உலகம் அவனைத் திருப்பித் தாக்கும். இத்தாக்கமே விதிநூலில் ‘பரடொக்ஸ்’ எனப்படுவது.

விதி எளிமையானது. பயன்படுத்தும் மந்திரத்துறையின் படிநிலையோடு, நிகழ்வு தற்செயலாகத் தோன்றுமாயின் 3, தோன்றாதாயின் 4, தோன்றாததோடு உறங்குவோர் எனப்படும் சாதாரண மனிதர் சாட்சியாகவும் இருப்பின் 5 கூட்டப்படும். வரும் எண்ணையோ அதனிலும் மிகுந்ததையோ பத்து முகப் பகடை காட்டவேண்டும். பிறரொருவரைக் குணப்படுத்த ‘உயிர்’ என்னும் துறையில் மூன்றாம் படி வேண்டப்படுவதால், அச்செயலின் இலக்கு 6, 7, 8 என மாறும். இலக்கு 6 ஆயின் பத்து முகங்களில் ஐந்து உதவும். 8 ஆயின் மூன்றே உதவும். ஆகவே ‘சாட்சி யார்’ என்ற வினா வெறும் தத்துவ வினாவன்று. பாத்திரம் பிழைப்பதும் மடிவதும் அதிலேயே தங்கியுள்ளது.

இனி இவ்விளையாட்டின் களம் சிக்காகோவன்று, மாங்கேணி எனக் கொள்க. வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ 15 வீதியில், காயங்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையில், ஒரு புறம் கடலும் மறு புறம் காடும் களப்புமாகக் கிடக்கும் ஊர் அது. ஒருவனைப் பாம்பு தீண்டுகின்றது. பார்வை பார்க்கும் முதியவர் வேப்பிலையால் தடவி ஓதுகின்றார், விஷம் இறங்குகின்றது. முதியவர் ஒரு விளையாட்டாளரின் பாத்திரம். இது தற்செயலா, வெளிப்படையான மந்திரமா? சிக்காகோவில் விளையாடிப் பழகிய கதைசொல்லி தயங்காது 8 என்பார். மாங்கேணிச் சூழலை அறிந்தவரோ சுற்றி நிற்கும் சனத்தைப் பார்த்துவிட்டு 6 என்பார். அச்சனம் இதில் வியப்பதற்கு எதையும் காணாது.

இடத்துக்கு இடம் நம்பிக்கை வேறுபடும் என்பதை விதிநூல் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வேறுபாட்டை அது விலக்காகவே கருதுகின்றது. பொதுநிலை மேலைநகரத்தின் நிலையே. இதன் விளைவை அந்நூல் வகுக்கும் ஒன்பது மந்திர மரபுகளிலே காணலாம். ஐரோப்பியச் சடங்கு மந்திரத்துக்குத் தனி மரபொன்று உண்டு. ஆபிரிக்க, அமெரிக்க, அவுஸ்திரேலியப் பழங்குடிகளோ ‘கனவோடு பேசுவோர்’ என்னும் ஒரே கூடைக்குள் அடைக்கப்படுகின்றனர். வாகரைப் பகுதிக் கரையோர வேடரும் அக்கூடைக்குள்ளேயே போவர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலே இவர்களை உள்நாட்டு வேடரினின்றும் பிரித்துப் பேசியிருக்க, எண்பதாண்டுகளுக்குப் பின் வந்த கற்பனை நூல் அத்துணை நுட்பத்தையும் காட்டவில்லை. (விளையாட்டுக்குத்தானே என்று இதனை விட்டுவிடுவோரும் உளர். விளையாட்டிலேதான் மனிதர் தம் எடுகோள்களைக் காவலின்றி விட்டுவைக்கின்றனர்.)

மறுபுறம், ‘இவ்வூரில் எல்லாம் இயல்பே’ என்று எப்பொழுதும் 6ஐயே வழங்கும் கதைசொல்லியும் விளையாட்டைக் கெடுப்பவரே. தடையில்லாத மந்திரத்தில் கதையில்லை. இச்சிக்கலுக்கு மட்டக்களப்பு மரபிலேயே ஒரு விடை உண்டு. அது மகிடிக்கூத்து. ஊருக்கு ஊர் கதை மாறுபடினும் அதன் அடிப்படை ஒன்றே: ஒரு பகுதியார் கும்பம் வைத்துக் காப்பர்; வெளியூரிலிருந்து வந்த மந்திரவாதிகள் அதனை எடுக்க முயல்வர்; இரு பகுதியாரும் மந்திரம் ஏவிப் பொருதுவர். தமிழகத்து மோடி விளையாட்டும் இதனை ஒத்ததே. வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் போலக் கட்டுக்கோப்பான பாடலும் ஆடலும் இதிற் குறைவு; அவ்விடத்திலேயே பிறக்கும் பேச்சும் நகைச்சுவையும் அதிகம். இக்கூறு அதனை மேசை விளையாட்டுக்கு மிக அணுக்கமாக்குகின்றது.

மகிடியில் மந்திரத்தைப் பலிக்கச் செய்பவர் யார்? ஓதுபவரல்லர், விழுபவர். எதிரி ஏவியது தன்மேற் பட்டதென்று காட்டி ஒருவர் தரையில் உருளும் கணத்திலேயே அம்மந்திரம் உண்மையாகின்றது. அவர் விழ மறுத்தால் கூத்தே நின்றுவிடும். எழுந்து மாற்று மந்திரம் ஓத இடமளிக்காவிட்டாலும் நின்றுவிடும். சூழ நிற்கும் ஊரவரோ மந்திரத்தை நம்பி நிற்பவருமல்லர், நம்பாது முறியடிப்பவருமல்லர். விழுந்தவன் நன்றாக விழுந்தானா என்று பார்த்துச் சிரிப்பவர் அவர். நம்பிக்கை, அவநம்பிக்கை என்னும் இரண்டையே அறிந்த ‘மேஜ்’ விதியில் இவருக்கு இடமில்லை.

இதனை விதிக்குள் மீட்பது கடினமன்று. சாட்சிகளின் எண்ணிக்கையை நோக்காது, காட்சியில் அச்செயலின் பாரத்தைச் சுமப்பவர் யாரென நோக்கினாற் போதும். பாம்பு தீண்டியவன் அருகே வாகரை வைத்தியசாலைத் தாதி ஒருத்தி நிற்பதாகக் கொள்க. உறங்குவோர் பட்டியலில் அவளைச் சேர்த்து 8 என்பது எளிது. ஆனால் ஊசி போடும் அதே கையிலே கோயில் நூலும் கட்டியிருப்போர் இந்நாட்டில் அரியரல்லர். கொழும்பிலிருந்து கதிர்காமத்துக்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் போவோரும் நகரத்தவர்தாம். முதியவர் ஓதத் தொடங்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றாளா, அல்லது காயமுற்ற காலைப் பிடித்துக்கொடுக்கின்றாளா? பகடை உருள்வதற்கு முன் கதைசொல்லி அதைச் சொல்லியாக வேண்டும்.