டபராவில் வராத ஏற்காடு

சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து சென்னைக்கு வரும் உறவுக்காரர்களை ஒரு வேளையாவது ஓட்டலுக்குக் கூட்டிப் போகாமல் எந்த வீட்டிலும் அனுப்புவதில்லை. போகும் வழியிலேயே வாதம் தொடங்கிவிடும். திருவல்லிக்கேணி ரத்னா கபே சாம்பார் இட்லிதான் சென்னை என்பார் ஒருவர். நெய் ரோஸ்ட்டை வைத்துத்தான் ஓட்டலை எடைபோட வேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டையும் மறுக்க மாட்டேன். ஆனால் சாம்பார் அண்டாவில் கொதிப்பது. காலையில் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் நூறு பேருக்கும் அதே ருசிதான். காபியை டம்ளர் டம்ளராகத்தான் கலந்தாக வேண்டும். கூட்டம் நெருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஓர் ஓட்டல் எவ்வளவு அக்கறையோடு இருக்கிறது என்பது அந்த டம்ளரில் தெரிந்துவிடும்.

காபி மாஸ்டர் ஆற்றும் உயரத்தைப் பலரும் ரசிக்கிறார்கள். கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய நொடி. தேர்ந்த மாஸ்டர் டிகாக்‌ஷனை ஊற்றி, பால் விழுந்ததும் டம்ளரைச் சற்றே சாய்த்து நிறத்தைப் பார்ப்பார். விளிம்பில் பால் வெளுத்து நின்றால் இன்னும் ஒரு சொட்டு விடுவார். ‘ஸ்ட்ராங்’ என்று கேட்டவருக்கும் முதல் டிகாக்‌ஷனையே கூட்டுவார். இரண்டாவதைத் தொடவே மாட்டார். இன்று பல இடங்களில் டிகாக்‌ஷன் மணிக்கணக்கில் சூட்டிலேயே கிடந்து மணம் இழந்துவிடுகிறது. கதீட்ரல் சாலையில் 1962இல் திறந்து 2008இல் மூடப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் காபிக்காகவே குடும்பத்தோடு காரில் வந்து காத்திருந்தார்கள். டோக்கன் வாங்கி நின்றபடி குடிக்கும் இந்தக் காலத்தில் அந்தப் பொறுமை இரு பக்கமும் போய்விட்டது.

அதைவிடப் பெரிய குறை கொட்டையைப் பற்றியது. நெடுஞ்சாலை முழுக்கக் கும்பகோணம் டிகிரி காபிப் பலகைகள். கும்பகோணத்துப் பாலுக்கும் கைப்பக்குவத்துக்கும் உரிய மரியாதை இருக்கட்டும். கொட்டை மலையில்தானே விளைகிறது? சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காபியை ஊன்றினார். இருநூறு ஆண்டு ஆகியும் எந்த மெனு அட்டையிலும் ஏற்காட்டின் பெயரைக் காணோம். சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே, 900 முதல் 1500 மீட்டர் உயரக் குளிரில் மெதுவாகப் பழுக்கும் அராபிகா அது. தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவிக் காயவைத்த கொட்டையில் மெல்லிய புளிப்பும் நல்ல மணமும் இருக்கும். தாராளமாகச் சிக்கரி கலந்தால் முதலில் போவது இந்த இரண்டும்தான்.

சிக்கரி இல்லாவிட்டால் நம் காபிக்கு நிறமும் கொழகொழப்பும் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாலோடு சேரும்போது அராபிகா தனியாகக் கொஞ்சம் மெலிந்துதான் தெரியும். அதற்கு வறுவலைச் சற்றுக் கூட்டலாம், கொஞ்சம் ரோபஸ்டா சேர்க்கலாம், சிக்கரியையே பத்துப் பதினைந்து சதவீதத்தோடு நிறுத்தலாம். சட்டம் 49 சதவீதம் வரை அனுமதிக்கிறது என்பதற்காக ருசியும் அங்கே போய் நிற்க வேண்டியதில்லை. விலை கட்டுப்படியாகாது என்பது அடுத்த வாதம். ஒரு டம்ளருக்கு ஆகும் தூள் கொஞ்சம். பாலும் வாடகையும் சம்பளமும்தான் விலையை ஏற்றுகின்றன. பனீர் டிக்காவுக்கு யோசிக்காமல் பணம் கொடுக்கும் குடும்பம் நல்ல காபிக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதா?

கடையில் வாங்கும் தூள் பொட்டலத்தில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டே ஆக வேண்டும். அதே தூள் ஓட்டல் மேஜைக்கு வரும்போது அந்த விவரம் காணாமல் போகிறது. மெனுவில் ‘காபி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பக்கத்தில் மலையின் பெயரையும் சிக்கரி அளவையும் போடட்டும். மாஸ்டருக்கும் அப்போது தன் கையில் இருப்பது எந்த ஊர்க் கொட்டை என்று தெரிந்திருக்கும்.